சரிவு வாசலுக்குக் கல் படி: மேஸ்திரியிடம் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. முற்றத்திலிருந்து கீழே கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போகிற தடம் நல்ல சரிவு. போன மழைக்காலத்தில் மாமியார் இரண்டு தடவை வழுக்கி விழுந்துவிட்டார். சிமென்டில் படி கட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்குக் கல் படி போடத்தான் ஆசை. எத்தனை படி வரும், எப்படிக் கணக்குப் போடுவது, எங்கே தொடங்குவது?
வாசகி, பர்கூர் வட்டம்

மாமியாருக்கு எலும்பு எதுவும் முறியவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அது இல்லை. படி போட்டு முடிக்கும்வரை அந்தத் தடத்தில் ஒரு கயிறாவது கட்டிவையுங்கள். இரண்டு பக்கமும் முளை அடித்து, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினால் போதும்.

கல் படியே போடுங்கள். வீட்டுக்காரரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். சரிவில் சிமென்ட் படி என்பது மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டு. அடியில் ஒரு இடத்தில் மண் அரித்தாலும் நடுவில் விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கும், இரண்டு மழையில் பாதிப் படிக்கட்டு அந்தரத்தில் நிற்கும். கல் படியில் ஒரு கல் இறங்கினால் அந்த ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, அடியைச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். அதற்கு மேல், பர்கூரிலிருந்துகொண்டு கல்லுக்கு வெகுதூரம் போகவேண்டிய நிலைமை உங்களுக்கு இல்லை.

கல்லைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு மழைக்கு அந்தத் தடத்தில் குடை பிடித்து நில்லுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனுஷர் நடந்து நடந்து பள்ளமான இடத்தில்தான் தண்ணீரும் ஓடும். நீங்கள் 'தடம்' என்று சொல்வது அநேகமாக உங்கள் கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் இறங்குகிற வாய்க்காலாகவே இருக்கும். அதன் நடுவில் படியை வைத்தால், நீங்கள் கட்டுவது படிக்கட்டு இல்லை, சிறு அணைக்கட்டு. எவ்வளவு கனமான கல்லாக இருந்தாலும் அடியில் இருக்கிற மண் போய்விடும். நான் 31 வருஷமாகக் கல்வேலை செய்கிறேன். சரிந்துபோன படிக்கட்டுகளைப் பிரித்துப் பார்த்தவரையில், கல் உடைந்ததால் கெட்டது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் தண்ணீருக்கு வழி விடாததால் கெட்டவை. ஆகவே முதல் வேலை, படிக்கு மேலே முற்றத்து ஓரமாகக் குறுக்கே ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பி விடுவது. அந்தப் பக்கத்தில் படியை ஒட்டாமல், ஓரடி தள்ளி, கரடுக்கல் பரப்பிய ஓடை ஒன்று கீழ்வரை போகவேண்டும்.

இனி அளவு. உங்கள் கடிதத்தில் அளவு இல்லாததால், போன மாசியில் காவேரிப்பட்டினத்துப் பக்கம் ஒரு மேட்டுக் கொல்லையில் நான் போட்ட படிக்கட்டின் அளவை எடுத்துக்கொள்கிறேன். டியூப் லெவல் என்று கொத்தனார்கள் வைத்திருப்பார்கள், அரை அங்குல பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பியது. உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது, இருந்தால் மட்டம் பொய் சொல்லும். மேலே முற்றத்துத் தரையோடு ஒரு முனையைப் பிடித்து, கீழே நிறுத்திய கம்பில் மறுமுனைத் தண்ணீர் நிற்கிற இடத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கீழ்த்தரைவரை உள்ளதுதான் இறக்கம். அங்கே அது 6 அடி 5 அங்குலம், அதாவது 77 அங்குலம். நீளத்தைச் சரிவின் மேல் டேப்பைப் போட்டு அளக்காதீர்கள். கயிற்றை மட்டமாக இழுத்துப் பிடித்து அளக்கவேண்டும். அது 18 அடி.

படியின் உயரம் இரண்டு மடங்கு, மிதி அகலம் ஒரு மடங்கு. இரண்டையும் கூட்டினால் 24, 25 அங்குலம் வரவேண்டும். நம் காலடி வீச்சுக்குப் பொருந்திய கணக்கு இது. வீட்டுக்குள்ளே 7 அங்குல உயரம், 10 அங்குல மிதி என்று கட்டுவார்கள், அதுவும் 24தான். ஆனால் இடுப்பில் குடமும் தலையில் புல்லுக்கட்டுமாக ஏறுகிற வெளிப்படிக்கு அது செங்குத்து. 5½ அங்குல உயரம், 14 அங்குல மிதி வையுங்கள். 11ம் 14ம் 25. 77ஐ 5½ஆல் வகுத்தால் சரியாக 14 படி. உங்கள் அளவில் இப்படி மிச்சமில்லாமல் வகுபடாது. அப்போது படியின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துகொண்டு, மொத்த இறக்கத்தை அந்த எண்ணால் வகுத்து, வருகிற உயரத்தையே எல்லாப் படிக்கும் வையுங்கள். மிச்சத்தைக் கடைசிப் படியில் தள்ளக் கூடாது.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் சொந்த வீட்டில் நான் அப்படித் தள்ளினேன். கையில் இருந்த கல்லை வைத்து ஒன்பது படி. எட்டு படி 6 அங்குலம், மேல்படி மட்டும் 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு அங்குலம்தானே என்று விட்டுவிட்டேன். பதினோரு வருஷம் அம்மா அதில் ஏறி இறங்கினார். ஒரு நாள் கரன்ட் இல்லாத இரவில், எருமைக்குச் சோளத்தட்டு வைத்துவிட்டு ஏறும்போது மேல்படியில் கால்விரல் இடித்துப் பின்னால் சாய்ந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பகலில் கண் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இருட்டில் கால்தான் கணக்குப் போடும், எட்டு படி 6 அங்குலம் என்றால் ஒன்பதாவதும் 6 என்றே தூக்கும். அம்மா அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார், குச்சி ஊன்றித்தான் நடந்தார். அந்தப் படிக்கட்டை நான் முழுக்கப் பிரித்துத் திரும்பப் போட்டேன்.

காவேரிப்பட்டினத்து வேலைக்குத் திரும்புகிறேன். 14 படி தொடர்ந்து ஏறினால் வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும் என்று ஏழாவது படியை அகலத் தளமாக வைத்தோம். மூன்று கல்லை அடுத்தடுத்துப் போட்டால் கிட்டத்தட்ட 4 அடி அகலம். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்கலாம். அதையும் சேர்த்து மொத்த நீளம் 18 அடிக்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொரு கல்லும் 4 அடி நீளம், 16 அங்குல அகலம். மிதி 14 அங்குலம்தானே என்றால், மிச்ச 2 அங்குலம் மேல்கல்லுக்கு அடியில் போகவேண்டும். கீழ்க்கல்லின் முதுகில் மேல்கல் 2 அங்குலம் உட்காரும். அந்தப் பிடிதான் படிக்கட்டை முன்னால் நழுவாமல் வைத்திருக்கிறது.

கனத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. படியின் மேல் தண்ணீர் நிற்காமல் இருக்க, ஒவ்வொரு கல்லையும் பின்னாலிருந்து முன்னால் கால் அங்குலம் சாய்த்து வைக்கிறோம். அந்தக் கால் அங்குலம் அடுத்த படியின் உயரத்தில் சேர்ந்துவிடும். 5½ அங்குல உயரம் வேண்டுமானால் கல்லின் கனம் 5¼ இருக்கவேண்டும். இதைக் கவனிக்காத கொத்தனார் 5½ கனத்தில் கல் வாங்கி, மேலே போய்ச் சேரும்போது முற்றத்தைவிட மூன்றரை அங்குலம் உயர்ந்து நிற்பார்.

ஒரு கன அடி கல் ஏறக்குறைய 75 கிலோ. இந்த அளவுக் கல் ஒன்று 175 கிலோ வரும். படிக்கு 14, தளத்துக்குக் கூடுதலாக 2, மண்ணுக்குள் புதைக்க அடிக்கல் 1. ஆக 17 கல், 3 டன். நாலு ஆள், இரண்டு கடப்பாரை, உருட்ட நாலு யூக்கலிப்டஸ் கட்டை. கையால் தூக்குகிற வேலை இது இல்லை. தூக்க முயன்று விரலை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

தொடங்குவது கீழிருந்து. அடிக்கல்லைத் தரைமட்டத்துக்குச் சரியாகப் புதைத்து, அதன் மேல் முதல் படி. அடிக்கல் கோணினால் பதினாலும் கோணும். அந்த ஒரு கல்லுக்கு அரை நாள் ஆனாலும் பரவாயில்லை என்று ஆட்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன். மண்ணை வெட்டும்போது தோண்டாத கெட்டி மண்வரை போங்கள். கொட்டிய செம்மண்ணின் மேல் கல் வைத்தால் ஒரு வருஷத்தில் இறங்கும். அதன் மேல் முக்கால் அங்குல ஜல்லியும் கிரஷர் டஸ்ட் என்கிற கல்தூளும் கலந்து 6 அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடியுங்கள். கட்டை விழும்போது முதலில் பொத் பொத்தென்று கேட்கும், இறுகியபிறகு கட்டை திருப்பி எகிறும். எகிறும்வரை இடிக்கவேண்டும்.

கல்லை வைத்ததும் ரசமட்டத்தை எடுப்பதற்கு முன்னால் அதன் மேல் ஏறி நாலு மூலையிலும் மாறி மாறிக் கால் வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் 'லொடக்' என்றால், சில்லைச் சொருகிச் சரிக்கட்டாமல், தூக்கி வைத்துவிட்டு அடியில் டஸ்ட் சேர்த்துத் திரும்ப இறக்குங்கள். முன் விளிம்பில் சொருகிய சில்லு ஆறு மாசத்தில் பிதுங்கி வந்துவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சிமென்ட் பூச வேண்டாம், தண்ணீர் அடியில் தேங்கிவிடும். இரண்டு ஓரத்திலும் மண் சரியாமல் கரடுக்கல் அடுக்கிவிட்டால் போதும்.

கேள்வி: கடையில் பாலிஷ் போட்ட கருப்புக் கிரானைட், கடப்பாக் கல், சாதாரண வெள்ளைக் கல் மூன்றையும் காட்டினார்கள். வெளிப்படிக்கு எது நல்லது? கல் நல்ல கல்லா என்று நம்மால் கண்டுபிடிக்க முடியுமா?
வாசகர், ஓசூர்

வெள்ளைக் கல். 'வெள்ளை' என்று சொன்னாலும் அது சாம்பல் நிறம், கருப்பு வரி ஓடியிருக்கும். நம் மாவட்டத்து மலைகளில் பெரும்பாலானவை இந்தக் கல்தான். கிணறு கட்டினது, வேலிக்கால் நட்டது, பழைய வீடுகளுக்குக் கூரையாகப் பரப்பினது எல்லாம் இதையே. உங்கள் ஓசூர், தளிப் பக்கத்துக் கன்னடக்காரர்கள் சப்படிக் கல் என்பார்கள். ஆப்பு வைத்துப் பிளந்த முகம் இயற்கையாகவே சொரசொரப்பு. ஈரக்காலுக்கு அதைவிடப் பிடிப்பு கிடையாது.

கருப்புக் கல்லைக் குறை சொல்லமாட்டேன், அது உறுதியில் வெள்ளைக் கல்லுக்கு மேலே, கனமும் அதிகம். ஆனால் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு அதில் நில்லுங்கள் பார்க்கலாம். பாலிஷ் போட்டது எந்த நிறமானாலும் வெளிப்படிக்கு ஆகாது, நாலு துளி தண்ணீர் போதும். ஜெகதேவிப் பக்கத்துப் பட்டறைகளில் அறுத்த பலகைத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். பாரடைசோ என்று வெளிநாடு போகிற நம் ஊர்க் கல்லின் வெட்டுத் துண்டுகூடக் கிடைக்கும், செந்நீலத்தில் அலை அலையாக, பார்க்கக் கண் குளிரும். அதெல்லாம் இரண்டு சென்டிமீட்டர் கனம். கான்கிரீட்டின் மேல் ஒட்டலாம், மண்ணின் மேல் வைத்தால் முறியும். கடப்பாக் கல் சுண்ணாம்பு இனம், ஏடு ஏடாகப் பெயரும். சமையலறை அலமாரித் தட்டுக்கு நல்ல கல்.

கல்லைச் சோதிக்க ஒரு கால் கிலோ சுத்தி போதும். கல்லை மண்ணில் புதையாமல் இரண்டு கட்டையின் மேல் வைக்கச் சொல்லித் தட்டுங்கள். நல்ல கல் மணி போல் கணீரென்று இழுத்துச் சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் 'டப்' என்று அடங்கிவிடும். கோயில் சிற்பிகளும் சிலைக்குக் கல் எடுக்கும்போது இப்படித் தட்டிக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். அடுத்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல கல்லில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஒரு இடம் மட்டும் தண்ணீரைக் குடித்து நெடுநேரம் கருத்து நின்றால் அது மக்கிய கல், மலையின் மேல்தோலில் எடுத்தது. விரல் நகத்தால் கீறினால் வெள்ளை மாவு வருகிறதா, காவி நிறத்தில் துருக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். காக்காப்பொன் மின்னுகிற வரி கல்லின் நீளத்துக்கு ஓடினால் தொந்தரவில்லை. குறுக்கே ஓடினால் அந்த வரியில்தான் ஒரு நாள் உடையும்.

முடிந்தால் கல் பிளக்கிற இடத்துக்கே போய்ப் பாருங்கள். கல்லின் ஓட்டத்தைப் பார்த்து வரிசையாக ஒரு சாணுக்கு ஒரு குழி போட்டு, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பைச் செருகுவார்கள். சம்மட்டியால் முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்புவரை ஒவ்வொரு அடி, திரும்ப முதலிலிருந்து. ஒரே ஆப்பில் வெறியோடு அடிக்கிறவனுக்குக் கல் கோணலாகப் பிளக்கும். சுற்று ஏற ஏற ஆப்பின் ஒலி மெலிந்து கூர்மையாகும். என் அப்பா அந்த ஒலி வந்ததும் சம்மட்டியைக் கீழே வைத்துவிடுவார். "இனி அதுவே பார்த்துக்கும்டா" என்பார். சற்று நேரத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், கல் இரண்டு. அப்படிப் பிளந்த முகத்தில் உளிகூடப் படவேண்டியதில்லை. மிதிக்கிற விளிம்பின் கூர்மையை மட்டும் லேசாகப் பொளிந்து மழுக்கச் சொல்லுங்கள், குழந்தைகள் விழுந்தால் நெற்றி கிழியாது.

அனுமதி பெற்ற குவாரியில் வாங்குங்கள், லோடோடு நடைச்சீட்டை, அதாவது கல்லை ஏற்றிப்போக அனுமதிக்கிற சீட்டை, கேட்டு வாங்குங்கள். இரவில் வருகிற சீட்டில்லாத கல் விலை குறைவாகத்தான் இருக்கும். ஏதோ ஒரு ஊரின் குன்று அப்படித்தான் குறைகிறது.

கேள்வி: எங்கள் நிலத்தில் வரப்போரமாகப் பெரிய பலகைக் கல் ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. நாலடிக்கு மேல் நீளம். ஒரு பக்கம் ஏதோ செதுக்கினது போல் தெரிகிறது. அதைத் திருப்பிப் போட்டு, வழவழப்பான பக்கம் மேலே வர, வாசல்படியாக வைக்கலாமா?
வாசகர், அரூர் வட்டம்

வைக்காதீர்கள் தம்பி. இந்தக் கேள்வியை எனக்கு எழுதிக் கேட்டதற்கு நன்றி. கேட்காமலே போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் நடுகல் மண். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டோ, ஊரைக் காக்கப் போயோ செத்துப்போனவனுக்கு அவன் ஊரார் நட்ட கல். வில்லோ வாளோ பிடித்து ஒரு ஆள் நிற்பார், சிலவற்றில் மேலே வட்டெழுத்தில் எந்த அரசன் காலம், யார், எதற்காகப் பட்டார் என்று எழுதியிருக்கும். ஆயிரம், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கல்லெல்லாம் உண்டு. அதைச் செதுக்கினவனும் என்னைப் போல ஒரு கல்வேலைக்காரன்தான்.

எனக்கு இருபது வயசிருக்கும்போது ஒரு ஏரிக்கரையில் துணி துவைக்கிற கல்லொன்றைப் பார்த்தேன். ஈரத்தில் சாய்வெயில் பட்டபோதுதான் தெரிந்தது, முகம். மூக்கும் கண்ணும் சோப்பில் தேய்ந்துபோய், காதணி மட்டும் மிச்சம். கீழே ஒரு மாட்டின் கொம்பு. எழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தால் குழி தட்டுப்பட்டது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆளின் பேரை இனி யாரும் படிக்க முடியாது. நான் அன்றைக்கு ஒன்றும் செய்யாமல் வந்துவிட்டேன், யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். கல்லைத் திருப்பாதீர்கள், நெம்பாதீர்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தைத் துலக்க உளியோ சுண்ணாம்போ வேண்டாம். மண்ணைக் கையால் விலக்கி, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது செல்போனில் நாலு படம் எடுங்கள். சாய்வெயிலில்தான் செதுக்கல் எழுந்து தெரியும். படத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், தர்மபுரி அருங்காட்சியகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அங்கே நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், ஒருமுறை குழந்தைகளோடு போய்ப் பார்த்தால் உங்கள் வரப்பில் கிடப்பது என்னவென்று உங்களுக்கே பிடிபடும். மண்ணில் புதைந்து கிடைக்கிற மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமும் சொல்கிறது. நிலம் பறிபோய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

செதுக்கல் இல்லாத வெறும் பலகையாக இருந்தாலும் கொஞ்சம் நிதானியுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்துக் குன்றில் கற்திட்டைகள் இருக்கின்றன. இரும்புக் காலத்து மனுஷர்கள் இறந்தவர்களுக்காக வைத்தவை. நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகையைக் கவிழ்த்து, ஒரு பக்கத்துக் கல்லில் வட்டமாகத் துளை. சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, 2000 வருஷத்துக்கு மேல் நிற்கிறது. கல்வேலை செய்கிற பையன்களை நான் அங்கே கூட்டிப்போய் அந்த மூலைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். வெளியே பார்த்தால் நாலு வெறும் பலகை. உங்கள் வரப்பில் கிடப்பதும் அந்த மாதிரி ஒன்றின் துண்டாக இருக்கலாம்.

உங்கள் வாசலுக்கு ஒரு கல்தானே வேண்டும், புதுக்கல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். படிக்குப் பதில் கல் பாவிய சாய்தளம் போட முடியுமா? இறக்கம் ஆறடிக்கு மேல்.
வாசகி, தர்மபுரி

ஒரு அடி இறக்கத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. முதல் பதிலில் சொன்ன படிக்கட்டைப் போல ஆறு அடி ஐந்து அங்குலம் என்றால் 77 அடி. நடுவில் திரும்புவதற்கும் நிற்பதற்கும் தளங்கள் வேறு. அவ்வளவு இடம் இருந்தால் இரண்டு மூன்று மடிப்பாகப் போடலாம். இல்லாதபோது சரிவைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள், நாற்காலி கையை மீறி ஓடிவிடும். வீட்டுக்குப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ தெரு மட்டத்துக்கு நெருக்கமான வாசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கதவைத் திறந்துவிட்டாலே வேலை முடிந்துவிடுகிறது. சாய்தளத்துக்குப் பிளந்த கல் ஆகாது, சக்கரம் தட்டும். அறுத்த கல்லில் ஃபிளேம் ஃபினிஷ் என்று கேளுங்கள், மேல்முகத்தைத் தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கியது. நாற்காலிக்கும் போகும், காலுக்கும் வழுக்காது.

கேள்வி: கல் படியில் ஐப்பசி, கார்த்திகையில் பாசி பிடிக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?
வாசகர், தேன்கனிக்கோட்டை

ஆசிட் வேண்டவே வேண்டாம். கல்லில் இருக்கிற இரும்புச் சத்தைக் கிளப்பிவிட்டுத் துருக்கறையாக நிற்கும், பிறகு எதற்கும் போகாது. தென்னந்துடைப்பமும் தண்ணீரும், பிடிவாதமான பாசிக்குக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போதும். கழுவிய தண்ணீர் செடிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிக்கு மேல் கவிந்த கிளையைக் கழித்து வெயில் விழவிட்டால் பாதிப் பாசி தானாகக் குறையும்.

கேள்வி: ஏழு வருஷத்துக்கு முன் போட்ட கல் படிக்கட்டில் நடுவில் மூன்றாவது, நாலாவது கல் மட்டும் ஆடுகிறது. மேலே மாமரம் இருக்கிறது. மொத்தமாகப் பிரிக்கவேண்டுமா?
வாசகர், ஊத்தங்கரை

முழுக்கப் பிரிக்கவேண்டாம். ஆனால் மேல்கற்கள் இந்த நாலாவது கல்லின் முதுகில் உட்கார்ந்திருப்பதால் மேலே இருக்கிற ஒன்றிரண்டையாவது எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லிலும் சாக்பீஸால் எண் போட்டு, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அம்புக்குறி போட்டுவையுங்கள். 

கல் எடுத்ததும் அடியைப் பாருங்கள். ஜல்லி அப்படியே இருந்து, விரல் கன வேர் கல்லைத் தூக்கியிருந்தால் காரணம் மரம். வேரை நறுக்கிவிட்டு ஜல்லி சேர்க்கலாம். தொடைக் கனத்து வேராக இருந்தால் வெட்டாதீர்கள், மாமரம் ஆடிக்காற்றில் சாயும். படியை ஓரடி தள்ளிக்கொள்ளுங்கள். வேர் இல்லாமல் ஜல்லியின் நடுவே கைநுழைகிற பொந்து இருந்தால், அது எலியோ தண்ணீரோ. பொந்தைத் தூர்ப்பதற்கு முன் மேலே போய் அந்தத் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் மேல்படிக்குப் பின்னால், முற்றத்து மண் சேருகிற இடத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும், மாவிலை அடைத்துக்கொண்டிருப்பதால் கண்ணில் படாது. இலையை வாரிவிட்டு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். படி வழியாக வராமல் தண்ணீர் மறைந்து போனால் நுழைவாயில் அதுதான். அங்கே களிமண்ணை இடித்து அடைத்து, மேலே குறுக்கு வாய்க்காலைச் சரிசெய்தபிறகு கல்லை இறக்குங்கள். ஆவணி, புரட்டாசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். இரண்டு ஆளுக்கு ஒன்றரை நாள் வேலை.